கம்பத்தில் ஏறிய கையுறை

மலையடிவாரத்தில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது வெயில் இல்லை, மழை இல்லை, காற்று இல்லை. மலையும் இல்லை. மூடுபனிக்குள் எங்கேயோ அது இருப்பதாக ஒரு பலகை மட்டும் அம்புக்குறி போட்டுச் சொன்னது. பலகையை நம்பி ஏற ஆரம்பித்தோம்.

முன்னால் சித்தி. ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்துவிட்டு, போதும் என்று வெளியே வந்து, ஒரு ஜெராக்ஸ் கடையின் மாடியில் துப்பறியும் நிலையம் நடத்துபவர். யார் எதிரே போய் நின்றாலும் டிக்கெட் கேட்கப்போகிற மாதிரிதான் நிற்பார். பாதிப் பேர் அந்த நிற்றலிலேயே உண்மையைச் சொல்லிவிடுவார்கள். மீதிப் பேருக்காகத்தான் துப்பறிய வேண்டியிருக்கிறது.

பின்னால் நான். சித்தியின் அக்கா மகன், உதவியாளர், பைதூக்கி. படித்த படிப்புக்கு வேலை கிடைக்காததால் இந்த வேலைக்குப் போகிறான் என்று அம்மா சொல்கிறார். இந்த வேலைக்குப் படிப்பே தேவையில்லை என்று சித்தி சொல்கிறார். அக்கா தங்கை விவகாரம் என்பதால் நான் நடுவில் நுழைவதில்லை.

எங்கள் இருவருக்கும் நடுவில் ரிசப்ஷன் அக்கா. பல் டாக்டரின் கிளினிக்கில் முன்மேசையில் உட்கார்ந்து, வருகிறவர்களை வரிசைப்படுத்தி, பயப்படுகிறவர்களைச் சமாதானப்படுத்தி, சாயங்காலம் கூட்டிப் பெருக்கிப் பூட்டிவிட்டுப் போகிறவர். இந்த வழக்கின் கட்சிக்காரர். நாளைக் காலை அவருக்கு வேலை இருக்குமா என்பதுதான் வழக்கு.

விஷயம் இவ்வளவுதான். கிளினிக்கின் காத்திருக்கும் அறையில் ஒரு கிளி இருந்தது. வெள்ளிக்கிழமை காலை அது கூண்டோடு இல்லை. ஜன்னல் ஒன்று திறந்து கிடந்தது. முந்தின நாள் மாலை எல்லாவற்றையும் சாத்தியவர் அக்கா. சாத்தவில்லை என்றார் டாக்டர். அதைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம். காத்திருக்கும் அறையின் நடுவில் நின்று, உட்கார்ந்திருந்த அத்தனை பேர் காதிலும் விழும்படி சொன்னார். ஜன்னலைச் சாத்தினாளா, இல்லை யாருக்காவது திறந்துவிட்டாளா என்று ஒரு சந்தேகத்தையும் சேர்த்து விட்டார். திங்கட்கிழமைக்குள் கிளி வராவிட்டால் அவரும் வர வேண்டாம்.

சின்ன ஊர். இப்படி ஒரு பேச்சோடு வெளியே வந்தவரிடம் வேறு யாரும் கடைச் சாவியைக் கொடுக்க மாட்டார்கள். அக்காவின் சம்பளத்தில்தான் தம்பி ஒருவன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். இன்று ஞாயிற்றுக்கிழமை.

"உங்க தம்பி என்ன படிக்கிறான்?" என்று கேட்டேன்.

சொன்னார். நான் படித்ததே. ஆறுதலாக எதுவும் சொல்லத் தோன்றவில்லை.

மலைக்கு வந்த காரணம் ஒரு கையுறை. வியாழக்கிழமை பஸ்ஸுக்கு ஓடும் அவசரத்தில் அக்கா இடது கைக் கையுறையைக் கிளினிக்கிலேயே தவறவிட்டிருந்தார். மறுநாள் காலை கிளி இல்லை, ஆனால் கையுறை இருந்தது. தரையில் இல்லை. கோட் மாட்டும் ஸ்டாண்டின் உச்சியில், ஐந்து விரலும் ஆகாயத்தைப் பார்க்க, யாரோ செருகி வைத்திருந்தார்கள். அதைத் தொட்டதே இல்லை என்றார் டாக்டர். வேறு யாரும் வந்ததும் இல்லை. எனக்கு அது பெரிதாகப் படவில்லை. திருடன் கொஞ்சம் ஒழுங்கானவன் என்று மட்டும் நினைத்தேன். சித்தி அந்த ஸ்டாண்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். பிறகு ஞாயிற்றுக்கிழமைக்கு ஸ்வெட்டர் எடுத்து வைக்கச் சொன்னார்.

இரண்டாவது வளைவில் ஏன் என்று புரிந்தது. மூடுபனியில் வழி தவறாமல் இருக்கப் பாதை நெடுக மரக் கம்பங்கள் நட்டிருந்தார்கள். ஒரு கம்பத்தின் தலையில் குழந்தையின் தொப்பி. அடுத்ததில் ஒற்றைக் காலுறை. அதற்கடுத்ததில் ஒரு கையுறை, விரல்கள் மேலே. வழியில் எது விழுந்து கிடந்தாலும் பின்னால் வருகிறவர்கள் அதை எடுத்துப் பக்கத்துக் கம்பத்தில் செருகிவிட்டுப் போவது இந்த மலையில் நடக்கிறவர்களின் வழக்கம். இறங்கி வரும்போது சொந்தக்காரர் எடுத்துக்கொள்வார். விரல்கள் மேலே இருந்தால்தான் பனியிலும் கண்ணில் படும். மூடுபனிக்குள் திடீர் திடீரென்று யாரோ கை காட்டி நிறுத்துகிற மாதிரி இருந்தது. நான் இரண்டு இடத்தில் நின்றே விட்டேன்.

"கீழே விழுந்த கிளவுஸைப் பார்த்தா நீ என்னடா பண்ணுவ?" என்றார் சித்தி.

"மிதிச்சுட்டுப் போவேன்."

"நான் மேசையில எடுத்து வைப்பேன். இந்த மலையில நடந்து பழகினவங்க மட்டும்தான் கம்பத்தைத் தேடுவாங்க. திருட வந்த இடத்துலகூட அவங்க கை சும்மா இருக்காது."

திருட்டின் நடுவில் ஒரு சமூக சேவை. எனக்கு அந்தத் திருடன் மேல் மரியாதையே வந்துவிட்டது.

சித்தியின் சந்தேகம் யார் மேல் என்று எனக்குத் தெரியும். டாக்டரின் அறை மூலையில் இரும்புப் பூண் போட்ட கைத்தடி ஒன்று சாய்ந்திருந்தது. ஒரு காலத்தில் மலை ஏறியதாகவும், முழங்கால் போனதும் விட்டுவிட்டதாகவும் அவரே சொன்னார். காரணமும் கைக்கு அருகிலேயே இருந்தது. கிளிகள் கேட்டதைத்தான் பேசும். பல் டாக்டரின் கிளி என்ன கேட்டிருக்கும்? முதலில் துளை போடும் மெஷின் மாதிரி கிர்ரென்று ஆரம்பிக்குமாம். பிறகு ஓர் ஆண் குரலில், "அம்மா, மெதுவா டாக்டர், மெதுவா." பிறகு பெண் குரலில் ஒரு நீண்ட அலறல். டாக்டர் டீ குடிக்க வெளியே போயிருக்கும்போதும் கூண்டிலிருந்து இதெல்லாம் கேட்டால் காத்திருப்பவர் என்ன செய்வார்? வலி போய்விட்டது என்று சொல்லிவிட்டு எழுந்து போவார். பல பேருக்கு நிஜமாகவே போய்விட்டதாம். ஊரிலேயே மருந்தில்லாமல் பல்வலி தீரும் ஒரே இடம் அதுதான்.

அப்படியானால் டாக்டர் ஏன் கிளியை வைத்திருந்தார்? ஏனென்றால் அது மாமியார் கொடுத்தது. கிளினிக் திறந்த அன்று, சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, மாப்பிள்ளை கையில் கூண்டைக் கொடுத்தவர் அவர். கிளினிக் இருக்கும் கட்டடமும் அவருடையதுதான். மாடியில்தான் குடும்பம். டாக்டரின் மனைவி வேலை விஷயமாக வெளியூரில் இருந்ததால் இப்போது வீட்டில் இருப்பது மாமியாரும் மாப்பிள்ளையும் மட்டும். மாப்பிள்ளை மாமியார் முன்னால் உட்கார மாட்டார். மாமியார் மாப்பிள்ளையைப் பெயர் சொல்ல மாட்டார். இந்த மரியாதை உள்ள வீட்டில் கிளியைத் திருப்பித் தருவது எப்படி? காணாமல் போகச் செய்வது ஒன்றுதான் வழி. பழியைப் போட ரிசப்ஷன் மேசையில் ஒருவர் தயாராக உட்கார்ந்திருக்கிறார்.

நேற்று மாமியாரையும் பார்த்துவிட்டுத்தான் வந்தோம். இரண்டு வாரமாகச் சளி, படுக்கையை விட்டே எழுந்திருக்கவில்லை என்றார். மூன்று கம்பளிக்குள்ளிருந்து முகம் மட்டும் தெரிந்தது. மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது, பாவம், கைக்குட்டை அந்தப் பாடு படுத்தியிருந்தது. கிளியைப் பற்றிக் கேட்டதும் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். கழற்றிய பிறகும் கண்ணாடி போட்டிருந்த மாதிரியேதான் இருந்தார். மாப்பிள்ளை வாசலுக்கு வெளியே நின்றபடியே, அத்தைக்குக் கஷாயம் வேண்டுமா என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே வந்து ஒரு நாளும் பார்த்ததில்லையாம். அவ்வளவு மரியாதை.

ஆக, டாக்டர்தான் என்று முடிவு. மேலே ஒரு சிற்றுண்டிக் குடில் இருக்கிறது, மலையில் யார் ஏறினாலும் அதன் முன்னால்தான் போக வேண்டும், துணி போர்த்திய கூண்டோடு ஒரு பல் டாக்டர் போனாரா என்று கேட்டுச் சாட்சி வாங்கினால் வேலை முடிந்தது.

மலை அதற்குள் தன் வேலையை ஆரம்பித்திருந்தது. முதலில் தூறியது. மழைக்கோட்டை எடுத்து மாட்டினேன். மாட்டி முடித்ததும் நின்றது. மடித்துப் பைக்குள் வைத்தேன். வைத்ததும் ஐஸ் கலந்து அடித்தது. மறுபடி எடுத்தேன். காற்று வந்து அதை என் தலைக்கு மேலே தூக்கி, கண்ணை மூடி, என்னை ஒரு புதருக்கு அறிமுகம் செய்து வைத்தது. ரிசப்ஷன் அக்கா சிரித்தார். மூன்று நாளில் முதல் தடவை என்று பிறகு சொன்னார். புதருக்கும் எனக்கும் அதில் சம பங்கு உண்டு.

"சித்தி, இந்த மலைக்கு ஒரு முடிவெடுக்கத் தெரியாதா?"

"உனக்கு என்ன படிக்கறதுன்னு முடிவெடுக்க எத்தனை வருஷம் ஆச்சு? பேசாம நட."

சித்தி ஒரு முழங்காலைத் திட்டிக்கொண்டும், இன்னொன்றைத் தட்டிக்கொடுத்துக்கொண்டும் ஏறினார். அக்காவின் ஆபீஸ் செருப்பு சறுக்கியது. ஈரப் புல், ஈரக் கல், ஈரக் காலுறை. கம்பம் தெரிவதும் மறைவதுமாக இருந்தது. கடைசி ஏற்றத்தில் பனி வெள்ளையாகி, பிறகு மஞ்சளாகி, யாரோ திரையை விலக்கின மாதிரி சட்டென்று விலகியது.

வெயில். கண் கூசும் வெயில். தலைக்கு மேலே துடைத்து வைத்த நீலம். காலுக்குக் கீழே பஞ்சுப் பொதி மாதிரி மேகம், அதற்கடியில் எங்கள் ஊர். துணி காயாமல், சுவரெல்லாம் ஓதம் ஏறி, வாரக்கணக்கில் பகலிலேயே விளக்குப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் எங்கள் ஊர். கொஞ்ச தூரம் ஏறியிருந்தால் இதெல்லாம் இங்கே சும்மா கிடந்திருக்கிறது. யாரும் சொல்லவில்லை. நான் மழைக்கோட்டு, ஸ்வெட்டர், உள்ஸ்வெட்டர் எல்லாவற்றையும் உரித்துத் தோளில் போட்டுக்கொண்டேன். துணிக்கொடி மாதிரி இருந்தேன்.

குடில்காரம்மா ஆவி பறக்கும் சூப்பை மூன்று கோப்பையில் ஊற்றினார். சித்தி டிக்கெட் கேட்கும் நிலையில் நின்று, வெள்ளிக்கிழமை இங்கே யாராவது கிளி கொண்டு வந்தார்களா என்று கேட்டார். கிளியா, இந்தக் குளிரிலா, அப்படி எதுவும் இல்லையே என்றார் அவர், கோப்பையைப் பார்த்துக்கொண்டே.

அப்போது குடிலுக்குப் பின்னாலிருந்து துளை போடும் மெஷின் சத்தம் கேட்டது. தொடர்ந்து ஓர் ஆண் குரல், "மெதுவா டாக்டர், மெதுவா" என்று கெஞ்சியது.

நான் என்னை அறியாமல் வாயை மூடிக்கொண்டேன்.

"அது வந்து..." என்றார் குடில்காரம்மா.

"டாக்டர்தானே கொண்டு வந்தார்?" என்றார் சித்தி.

"எந்த டாக்டர்?"

அந்தக் கேள்வியில் பொய் இல்லை. சித்திக்கு அது தெரியும். டிக்கெட் இல்லாதவர் முழிப்பதற்கும், தன் பெட்டி எது என்று தெரியாதவர் முழிப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு அத்துப்படி. கிளி இருக்கிறது, டாக்டர் இல்லை. மலை ஏறி வந்த முடிவு மலை மேலேயே உட்கார்ந்துவிட்டது. சித்தி சூப்பைக் கையில் வைத்தபடி என் முகத்தையே பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார்.

"ஏண்டா உன் மூக்கு சிவந்திருக்கு?"

"வெயில் சித்தி. சுரீர்னு அடிக்குது."

"நம்ம ஊர்ல கடைசியா வெயில் எப்ப அடிச்சுது?"

"எனக்கு வேலை கிடைக்கும்னு அம்மா நம்பிட்டிருந்த காலத்துல."

சித்தி கோப்பையைக் கீழே வைத்தார். "சளி பிடிச்சா மூக்கு உரியும். சரி. கண்ணைச் சுத்திக் கண்ணாடி அளவுக்கு வெள்ளையா வட்டம் போடுமா?"

எனக்கு உறைப்பதற்குள் அவர் குடிலைச் சுற்றிப் போய்விட்டார். நாங்கள் இருவரும் பின்னால் ஓடினோம்.

பின்பக்கத்து முற்றத்தில் சூரியனைப் பார்க்க ஒரு சாய்வு நாற்காலி. அதில் கறுப்புக் கண்ணாடி, மலையேறும் பூட்ஸ், மடியில் கடலைப் பொட்டலம் சகிதம் சாய்ந்திருந்தார் படுக்கையை விட்டே எழுந்திருக்காத மாமியார். தோளில் கிளி. எங்களைப் பார்த்ததும் கிளி அலறியது. மாமியார் அலறவில்லை. பெரிய இடத்துப் பழக்கம்.

அவர் ஒன்றே ஒன்று செய்தார். இருமினார். பிறகு அது எடுபடவில்லை என்று அவருக்கே தெரிந்து பாதியில் நிறுத்திக்கொண்டார்.

பனி நெஞ்சை அழுத்துகிறது என்று தினமும் விடியற்காலை இங்கே வந்துகொண்டிருந்தாராம். சின்னப் பெண்ணாக இருந்த காலத்தில் ஓடி ஏறிய மலை, குடில்காரம்மா பள்ளிக்கூடத்துச் சிநேகிதி. சொன்னால் மாப்பிள்ளை, இந்த வயதிலா அத்தை என்று கூடவே கிளம்பி வந்து, வழியெல்லாம் குடை பிடிப்பார். அதற்குச் சளி எவ்வளவோ மேல். கட்டிலில் தலையணைகளை அடுக்கிப் போர்த்திவிட்டால் போதும், மரியாதையுள்ள மாப்பிள்ளை உள்ளே வந்து பார்க்க மாட்டார். பொழுது ஏறுவதற்குள் திரும்பிவிடலாம். ஞாயிற்றுக்கிழமை மாப்பிள்ளை எழுந்திருப்பது தாமதம், அதனால் கூடுதலாகக் கொஞ்சம் வெயில்.

கிளி கதை வேறு. வாங்கும்போது அது நல்ல குடும்பத்துக் கிளி, வாங்க, உட்காருங்க என்று பேசிக்கொண்டிருந்தது. இப்போது நாளெல்லாம் அலறுகிறது, கவலையில் இறக்கையைத் தானே பிய்த்துக்கொள்கிறது. கொடுத்த பொருளை எந்த மாமியார் திரும்பக் கேட்பார்? வியாழன் ராத்திரி சாவி போட்டுத் திறந்து, சுடுதண்ணீர் பையைக் கூண்டுக்குள் வைத்து, சால்வை போர்த்தி எடுத்து வந்துவிட்டார். வெளியாள் வேலை மாதிரி இருக்கட்டும் என்று ஜன்னலைத் திறந்து வைத்தார்.

"கையுறை?" என்றார் சித்தி.

"எந்தக் கையுறை?"

தரையில் கிடந்ததை எடுத்துச் செருகியது அவருக்கு ஞாபகமே இல்லை. மூச்சு விட்டது ஞாபகம் இருக்கிறதா என்று கேட்ட மாதிரி விழித்தார்.

ரிசப்ஷன் அக்கா முன்னால் வந்தார். குரலை உயர்த்தவில்லை.

"ஜன்னலை நான் சாத்திட்டுத்தான் போனேன்னு உங்களுக்குத் தெரியும்."

"தெரியும்மா."

"மாப்பிள்ளை கீழே என்னைக் கத்தினது உங்க காதுல விழுந்துதா?"

மாமியார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். உள்ளே அந்த வெள்ளை வட்டங்கள். "விழுந்துது. எழுந்து வரத்தான் நினைச்சேன். எழுந்தா நடமாடறேன்னு தெரிஞ்சுடுமே. திங்கட்கிழமை எப்படியாவது பேசி உன்னை..."

"எப்படி?"

கிளியும் அந்த நேரம் பார்த்து வாயை மூடிக்கொண்டது.

நான் ஏதாவது வேடிக்கையாகச் சொல்லியிருக்க வேண்டிய இடம். சொல்லவில்லை. மாமியார் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு போனை எடுத்து, எல்லோருக்கும் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டு, மாப்பிள்ளையைக் கூப்பிட்டார். மறுமுனையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. போனிலும் எழுந்து நிற்கிற மாப்பிள்ளை.

"மாப்பிள்ளை, கிளியை எடுத்தது நான்தான். அந்தப் பொண்ணு மேல தப்பே இல்ல. எனக்குச் சளியும் இல்ல."

பிறகு மிகவும் தயங்கி ஒரு கேள்வி வந்தது.

"கிளி திரும்பி வருமா அத்தை?"

அந்தக் குரலில் இருந்தது ஆசை இல்லை. மாமியாருக்கும் அது புரிந்தது. உங்களுக்கும் பிடிக்கலையா என்று கேட்டார். இல்லை அத்தை, அப்படி இல்லை, ஆனால், என்று ஆரம்பித்து, மாப்பிள்ளை ஒருவழியாக எல்லாவற்றையும் கொட்டினார். ஓடிப்போன நோயாளிகளின் வரலாறு வந்தது. கிளி இனிமேல் குடிலிலேயே இருக்கட்டும் என்று இருவரும் மிகுந்த மரியாதையோடு முடிவு செய்தார்கள். மரியாதை கொஞ்சம் குறைவாக இருந்திருந்தால் இதைப் போன வருஷமே செய்திருக்கலாம்.

அந்தப் பொண்ணுகிட்ட போனைக் கொடுங்க என்றார் டாக்டர். மாமியார் நீட்டினார். அவசரப்பட்டுப் பேசிவிட்டேன், மனதில் வைத்துக்கொள்ளாதீர்கள், நாளைக்கு வழக்கம் போல வந்துவிடுங்கள் என்று ஸ்பீக்கர் வேகமாகச் சொன்னது. ஊசி போடும்போது பேசுகிற வேகம்.

"வர்றேன் டாக்டர்," என்றார் அக்கா. "ஆனா இந்த மன்னிப்பை இங்க வச்சு வாங்கிக்க மாட்டேன். அன்னைக்கு எல்லார் முன்னாலயும்தானே சொன்னீங்க."

டாக்டர் இழுத்தார். அன்றைக்கு என்னவோ கிளி சத்தம் இல்லாததால் அத்தனை பேர் எழுந்து போகாமல் உட்கார்ந்திருந்தார்கள், அதே ஆட்கள் மறுபடி ஒன்றாக வருவது என்றால் எப்போது வருவது, என்றார்.

"அது என் வேலை டாக்டர். வரவழைக்கத்தானே எனக்குச் சம்பளம்."

போனை மாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு, அக்கா தன் போனை எடுத்துக்கொண்டு முற்றத்தின் ஓரத்துக்குப் போனார். சித்தி காலியான சாய்வு நாற்காலியில் உட்கார்ந்து முழங்காலை வெயிலுக்குக் காட்டினார். அக்கா நம்பரைத் தேடி அழுத்துவதும், மேசையில் உட்கார்ந்து பேசுகிற அதே குரலில் பேசுவதும் எங்களுக்குத் தெளிவாகக் கேட்டது.

"வணக்கம், பல் கிளினிக்லேர்ந்து பேசறேன். வெள்ளிக்கிழமை வந்திருந்தீங்களே. நாளைக்குக் காலைல பத்து மணிக்கு வர முடியுமா? ஆமாங்க, அன்னைக்கு இருந்த எல்லாருக்குமே பத்து மணிதான் கொடுத்திருக்கேன். இல்லைங்க, பல்லை ஒண்ணும் பண்ண மாட்டாங்க. நீங்க சும்மா உக்காந்து கேட்டா போதும்."